பவுனு கடையில் லப்பெ தின்னாதவன்

முதலில் மன்னிப்பைக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து மழையில் மாட்டிக்கொண்ட எறும்பு வரிசை மாதிரி இருக்கும். அஞ்சாம் வகுப்போடு நின்றவன். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்ற தகராறு எனக்கு இன்றுவரை தீரவில்லை. இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றப்போகிற பிள்ளை என்னைத் திட்டினால் அது நியாயம்தான். எங்கள் நகர் வாசகசாலை ஆண்டு மலருக்காகச் செயலாளர் என்னைப் போனில் பிடித்து, "ரங்கூனைப் பற்றி ஏதாவது எழுது, படித்தவர்கள் எழுதி எழுதி மலர் தூங்கிவிட்டது" என்றார். அதனால் எழுதுகிறேன்.

நான் ரங்கூனுக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. பெண் பார்க்க. எனக்கு வயது நாற்பத்தெட்டு. வியாசர்பாடியில் அத்தோ வண்டி போட்டிருந்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த நம் ஆட்கள் மெட்ராசுக்குக் கொண்டுவந்த நூடுல்ஸ் அது. முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித் தண்ணீர், பூண்டெண்ணெய் எல்லாம் போட்டுக் கையால் பிசைந்து கொடுப்போம். பிசைகிறவன் பேச வேண்டியதில்லை. அதனால்தான் அந்தத் தொழில் எனக்கு ஒத்துவந்தது. பெண்களிடம் "காரம் போடவா?" என்பதற்கு மேல் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்படிப் பேசியே நாற்பத்தெட்டு வந்துவிட்டது.

பெண், அப்பாவின் தங்கை மகள். எல்லோரும் கப்பலேறிய காலத்தில் அத்தை மட்டும் ஏறவில்லை. மாமாவுக்குத் துறைமுகத்தில் வேலை, "எதுக்குப் போகணும்?" என்று கேட்டாராம். பதில் சொல்ல ஆளில்லாமல் அங்கேயே இருந்துவிட்டார்கள். மாமா இப்போது இல்லை. மகளுக்கு வீட்டில் பவுனு, வெளியில் மா ஷ்வே. அங்கே எல்லோருக்கும் இப்படி உள்ளே ஒரு பெயர், வெளியே ஒரு பெயர். அவளுக்கும் நாற்பது தாண்டிவிட்டது. சாலட் கடை வைத்திருக்கிறாள் என்று என் அக்கா சரசு சொன்னபோது, வெள்ளரிக்காயும் தக்காளியும் வெட்டி வைத்திருப்பாள், பாவம், என்று நினைத்தேன்.

கிளம்பும்போது அக்கா ஒரே ஒரு எச்சரிக்கை கொடுத்தாள். "லப்பெ பெட்டியைத் திறந்து வைப்பாங்க. கையை நீட்டிடாதே. நீட்டினா சம்மதம்னு அர்த்தம். முதல்ல பொண்ணைப் பாரு, பேசு, யாரு எங்க இருக்கிறதுன்னு முடிவாகட்டும். அப்புறம்தான் கை." லப்பெ என்பது ஊறவைத்த தேயிலை. குடிக்காமல் தின்கிற டீ. கல்யாணம் பேசினால் அதைத் தின்றுதான் முடிப்பார்கள் என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதை எங்கள் வீட்டில் சட்டமாகவே வைத்திருந்தோம்.

முதல் நாள். டாக்சியில் டிரைவர் நம் ஊர் மாதிரி வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறார். வண்டியும் ரோட்டின் வலது பக்கமே ஓடுகிறது. முந்தும்போது எதிரே என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியாது. இடது பக்கம் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆக, யாரும் பார்க்காமலே சூலே பகோடா வரை வந்து சேர்ந்தோம்.

அத்தை வீடு இருக்கிற கியாக்டடாவில் சந்துகள் எல்லாம் குறுகல், வீடுகள் எல்லாம் உயரம். மாடிகளிலிருந்து கயிறுகள் தொங்குகின்றன. கீழே இழுத்தால் மேலே மணி அடிக்கும். மேலே இருப்பவர் சாவியோ பையோ கயிற்றில் இறக்குவார். நான் ஒரு கயிற்றை இழுத்தேன். மூன்றாம் மாடியிலிருந்து ஒரு காலி வாளி இறங்கி வந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். மேலிருந்து ஓர் அம்மாள் பர்மீசில் கத்தினாள். எனக்குப் பர்மீஸ் தெரியாவிட்டாலும் பால் எங்கே என்று கேட்கிறாள் என்பது புரிந்தது. கடைசியில் இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து அத்தை எட்டிப் பார்த்து, "அண்ணன் மகனா? அடுத்தவ வாளியை விடுடா, மேல வா!" என்றாள்.

உட்கார்ந்ததும் பெட்டி வந்தது. வட்டமான அரக்குப் பெட்டி. நடுவில் கரும்பச்சையாக லப்பெ. சுற்றிலும் வறுத்த பூண்டு, எள், வேர்க்கடலை, பொரித்த பட்டாணி. வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் கல்யாணமா என்று எனக்கு வியர்த்துவிட்டது. வயிறு சரியில்லை என்றேன்.

"வயிறு மெட்ராஸ்லயே கெட்டுச்சா, எங்க ஊர் காத்துல கெட்டுச்சா?" என்றாள் அத்தை. எண்பதை நெருங்குகிறாள், நாக்குக்கு இருபதுதான். கதவோரம் நின்ற பவுனு பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். கன்னத்தில் தனக்கா என்கிற மரப்பட்டைச் சந்தனம் வட்டமாகப் பூசியிருந்தாள். நான் தெளிவாகப் பார்த்தது அந்த ஒரு கன்னத்தைத்தான்.

இரண்டாம் நாள் கடைக்குக் கூட்டிப்போனார்கள். கூட்டிப்போனார்கள் என்றால் மாடிப்படி இறங்கினோம், அவ்வளவுதான். வீட்டுக்குக் கீழேதான் கடை. ஒரு ரயில் பெட்டி அளவு இடம். குட்டி மேசைகள், முழங்கால் மோவாயில் இடிக்கிற முக்காலிகள். சுவரில் புத்தரும் முருகனும் ஒரே மாடத்தில், ஒரே பூவைப் பங்கு போட்டுக்கொண்டு. மதியம் பக்கத்து ஆபீஸ்களிலிருந்து கூட்டம் வந்தது. வருகிற அதிகாரிகள் எல்லோரும் கைலி கட்டியிருந்தார்கள். நம் ஊரில் கைலியோடு தெருமுனைக்குப் போனாலே அக்கா திட்டுவாள். இங்கே கைலியில் பேனா செருகிக்கொண்டு பேங்க் நடத்துகிறார்கள். எனக்கு ஊர் பிடித்துப்போனது.

நான் போய் உட்கார்ந்ததும் கரண்ட் போனது. ஒருவர்கூட 'ச்சே' என்று சொல்லவில்லை. கரண்ட் வருவதுதான் அங்கே செய்தி. அப்போதுதான் கடையின் சூட்சுமம் புரிந்தது. பூண்டு, வெங்காயம், கடலை மாவு எல்லாவற்றையும் கரண்ட் இருக்கும்போது வறுத்துப் பொரித்து டப்பாவில் போட்டுவிடுகிறாள். அப்புறம் அடுப்பே வேண்டாம். கையும் எலுமிச்சம்பழமும் போதும்.

பவுனு என்னிடம் பேசிய முதல் பேச்சு இது (ராசு நான்; கோ என்பது அங்கே ஆண்கள் பெயருக்கு முன்னால் போடுகிற மரியாதை):

"கோ ராசு, மெட்ராஸ்ல நீங்களும் இதே வேலைதானாமே? என்ன பிசைவீங்க?"

"அத்தோ."

"எந்த அத்தோ?"

"அத்தோதான்."

அவள் திரும்பிக் கடைக்கே அதைப் பர்மீசில் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அங்கே கலந்து பிசைந்தது எல்லாமே அத்தோதானாம். எதைப் பிசைந்தது என்று சொல்ல வேண்டும். நான் இத்தனை வருடம் 'குழம்பு' என்று மட்டும் போர்டு வைத்து வியாபாரம் செய்திருக்கிறேன்.

பிறகு தட்டுகள் வந்தன. வல்லாரைக் கீரையைப் பச்சையாக நறுக்கி, வறுத்த கடலை மாவும் வேர்க்கடலையும் போட்டுப் பிசைந்தது ஒன்று. பம்பளிமாஸ் சுளையோடு நொறுக்கிய முறுக்கும் கூனி இறால் பொடியும் சேர்ந்தது ஒன்று. பம்பளிமாசுக்கும் முறுக்குக்கும் என்ன உறவு என்று யோசித்துக்கொண்டே வாயில் போட்டேன்; நெருங்கிய உறவுதான். சமோசாவைக் கத்தரிக்கோலால் வெட்டி, புதினாவும் புளியும் விட்டது வந்தது. கடைசியில் இட்லி சாலட். நேற்றைய இட்லியைப் பொரித்து, பச்சை மாங்காயும் வெங்காயமும் போட்டுப் பிசைந்திருந்தாள். இட்லிக்கு இப்படி ஒரு கதியா என்று நம் ஊர் மாமிகள் போலீசுக்குப் போவார்கள். நான் தட்டை வழித்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் பசிக்காகச் சாப்பிடவில்லை. பிசையும்போது பவுனுவின் முகம் கோபமாக இருக்கும். கிண்ணத்தோடு சண்டை பிடிக்கிற மாதிரி புருவம் சுருங்கும். எலுமிச்சை பிழிவாள், விரல் நுனியில் ருசி பார்ப்பாள், இன்னும் கோபம். கொஞ்சம் மீன் சாறு, ஒரு பிடி வெங்காயம். ருசி கூடியதும் கோபம் சட்டென்று போய்விடும். அது போகிற அந்த நொடியைப் பார்ப்பதற்காகத்தான் நான் அடுத்த தட்டு, அடுத்த தட்டு என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு முடிந்ததும் அவளே பெட்டியைக் கொண்டுவந்து திறந்து வைத்தாள். லப்பெ. அத்தை கல்லாவிலிருந்து பார்த்தாள். எனக்குக் கை போகத் துடித்தது. ஆனால் யார் எங்கே இருப்பது என்று இன்னும் பேசவே இல்லையே! அக்காவின் குரல் காதில் கேட்டது.

"வயிறு..." என்றேன்.

"அத்தனை தட்டு உள்ள போச்சு. இது மட்டும் போகாதா?"

நான் என் செருப்பைப் பார்த்தேன். அவள் மூடியைப் போட்டாள். "சரி," என்றாள். அந்தச் சரியில் எலுமிச்சை மட்டும்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் வீடே குளிர்ந்துவிட்டது. பவுனு விடிந்ததும் கீழே போய்விட்டாள். அத்தை டீயை வைத்துவிட்டு, "நாளைக்குத் திரும்பறே. சும்மா வந்துட்டுப் போனதா இருக்க வேணாம், பெரிய பகோடாவையாவது பாத்துட்டு வா," என்றாள். சும்மா வந்துட்டுப் போனதா என்ற வார்த்தை மீன் முள்ளாகக் குத்தியது. என்ன தப்பு செய்தேன் என்று புரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. பகோடாவுக்குப் போனேன்.

பகோடா தங்கம். வெயிலும் தங்கம். கால் மட்டும் வெந்த இட்லி. தரிசனம் முடித்து, திரும்பி வர பஸ்ஸுக்கு நம் ஊர் பழக்கப்படி ரோட்டின் இடது பக்கம் நின்றேன். பஸ் வந்தது, ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்த பெண்பிள்ளை சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே எனக்கும் ஒரு கை கொடுத்தாள். விதைக்கு ஏதாவது சட்டம் இருக்கிறதா என்று அக்கா சொல்லவில்லை, தின்றேன். கட்டடங்கள் குறைந்தன. மரங்கள் வந்தன. பிறகு தொழிற்சாலைகள் வந்தன. எல்லோரும் இறங்கினார்கள், நானும் இறங்கினேன். ஊர் பெயர் ஷ்வேப்யிதா. சூலே எந்தத் திசையில் இருக்கிறதோ, அதற்கு நேர் எதிர்த் திசையில் பஸ் ஓடி முடிந்திருந்தது.

எதிரே டீக்கடை. போய் உட்கார்ந்தேன். அங்கே சப்ளை செய்பவரைக் கூப்பிடுவதற்கு உதட்டைக் குவித்து முத்தச் சத்தம் கொடுக்க வேண்டும். நிஜமாகத்தான் சொல்கிறேன். மீசை வைத்த தடியன்கள் எல்லாம் நாலு பக்கமும் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என் உதடு குவியவே இல்லை. பழக்கமில்லாத வேலை. "முருகா" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

பக்கத்து மேசைக்காரர் திரும்பினார். "என்னையா கூப்பிட்டீங்க?"

அவர் பெயர் வெளியே கோ சோ, வீட்டில் முருகேசு. லாரி ஓட்டுகிறவர். தொழிற்சாலையில் சரக்கு ஏறும்வரை டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரே எனக்காக ஒரு முத்தம் கொடுத்து டீ வரவழைத்தார். கூடவே ஒரு தட்டு லப்பெ சாலட்டும் வந்தது. "எடுத்துக்கோங்கண்ணே," என்றார். நான் முக்காலியோடு பின்னால் நகர்ந்தேன்.

"என்னண்ணே, பாம்பைப் பாத்த மாதிரி?"

"இதைத் தின்னா... சம்மதம்னு அர்த்தம் இல்லையா?"

"என்ன சம்மதம்?"

"கல்யாணத்துக்கு."

முருகேசு என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். "நமக்குள்ளயா?"

நான் அக்கா சொன்னதைச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் டீ மேசையில் கொட்டியது. "அதெல்லாம் ராசா காலம்ணே! அப்போ தீர்ப்புக்கும் லப்பெ, கல்யாணத்துக்கும் லப்பெ. இப்பவும் கல்யாணத்துல வைப்பாங்க, இல்லேங்கல. ஆனா தலைவலிக்கும் இதுதான், பரீட்சைக்கு முழிச்சிருக்கவும் இதுதான், பொழுது போகலைன்னாலும் இதுதான். தின்னதுக்கெல்லாம் கல்யாணம்னா என் வீட்டுல பொண்டாட்டிங்க நிக்க இடம் இருக்காது."

"அப்போ தின்னா ஒண்ணும் ஆகாதா?"

"தின்னா ஒண்ணும் ஆகாது. திங்கலைன்னாத்தான் ஆகும். வீட்டுக்கு வந்தவன் லப்பெயைத் தள்ளினா, உன் வீடே எனக்கு வேணாங்கிற மாதிரி. சண்டைக்காரன்கூட ரெண்டு வாய் தின்னுட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்பான்."

"ரெண்டு தடவை தள்ளிட்டேன்."

"யாருகிட்ட?"

"பாக்க வந்த பொண்ணுகிட்ட. அவங்க அம்மா முன்னால. அவங்க கடையிலயே."

முருகேசு கரண்டியைக் கீழே வைத்தார். "உங்களை இந்த ஊருக்குத் தனியா அனுப்பினது யாருண்ணே?"

அவரே எழுந்து வந்து என் தோளைப் பிடித்து ரோட்டைக் கடக்கவைத்து, சரியான பக்கத்தில் நிறுத்தினார். "இங்க வண்டியெல்லாம் வலது பக்கம் ஓடும். மறந்தீங்கன்னா அடுத்த தடவை சீனாவுக்கே போயிருவீங்க." பஸ் வந்ததும் டிரைவரிடம் பர்மீசில் ஏதோ சொன்னார். டிரைவரும் சிரித்தார். வழியெல்லாம் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். எனக்கு அது உறைக்கவே இல்லை. சிக்னலில் பஸ் நின்றபோதெல்லாம் இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது.

கடைக்குள் நுழைந்தபோது மதியக் கூட்டம் வடிந்திருந்தது. ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் மட்டும் தக்காளி சாலட் தின்றுகொண்டிருந்தார். அத்தை பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பவுனு கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"லப்பெ," என்றேன். ஓடிவந்ததில் வேறு வார்த்தை வரவில்லை.

"வயிறு?" என்றாள் பவுனு, திரும்பாமலே.

"வயிறு நல்லாத்தான் இருந்துச்சு. தொட்டா சம்மதம்னு ஆயிடும், தொடாதேன்னு அக்கா சொல்லி அனுப்புச்சு. இங்க அப்படி இல்லைன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. ஷ்வேப்யிதாவுல."

"ஷ்வேப்யிதாவுல உனக்கு என்னடா வேலை?" என்று கேட்ட அத்தை, விஷயம் புரிந்ததும் பூண்டுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சிரித்தாள். "உங்க அப்பன் கப்பலேறின அன்னிக்கு இருந்த ரங்கூனையே இன்னும் கட்டிக்கிட்டுக் கிடக்கீங்களா? நாங்க அதை எப்பவோ விட்டுட்டோம்டா!"

பவுனு சிரிக்கவில்லை. பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துத் திறந்தாள். நான் கை நீட்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். ஈரக் கை.

"இப்போ நீங்க தின்னா சம்மதம். அப்படித்தானே?"

"ஆமா."

"யாரு சம்மதம்? என்னை யாராச்சும் கேட்டீங்களா? நான் கடையை மூடிட்டு மெட்ராசுக்கு வந்துருவேன்னு உங்க அக்கா எங்கம்மாகிட்ட போன்ல சொல்லியாச்சு. இந்தக் கடையை நான் ஒத்தை மேசையில ஆரம்பிச்சேன், கோ ராசு. நேத்து நீங்க பெட்டியைத் தள்ளினப்போ எனக்குப் பாதி கோபம். பாதி, அப்பாடான்னு இருந்துச்சு. அதனால நீங்க தின்னு காட்ட வேணாம். வாயைத் திறந்து சொல்லுங்க."

வாயைத் திறப்பது இட்லி பொரிப்பதை விடக் கஷ்டம். குமாஸ்தாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கரண்டியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தேன். பாதியில் எப்படியோ தலை நிமிர்ந்துவிட்டது.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. பிசையும்போது கோபப்படறீங்களே, அது ரொம்பப் பிடிச்சிருக்கு. கடையை மூட வேணாம். அப்படி மூடணும்னா நான் கேக்கவே மாட்டேன், நாளைக்குப் போயிடறேன். இல்லேன்னா நான் இங்க வரேன். எனக்கு அங்க ஒரு வண்டிதான். அதுல பிசையற கையை இங்கேயும் கொண்டுவர முடியும். உங்களுக்கு இஷ்டம்னா மட்டும்."

என் வாழ்நாளில் ஒரு பெண்ணிடம் நான் பேசிய அத்தனையையும் கூட்டினாலும் இவ்வளவு வராது. மூச்சு வாங்கியது.

அதற்குள் குமாஸ்தா எட்டி, பெட்டியிலிருந்து ஒரு பெரிய பிடி லப்பெயை எடுத்து, பூண்டும் கடலையும் சேர்த்து வாயில் போட்டுக்கொண்டார். அத்தை அவரிடம் பர்மீசில் ஏதோ கேட்டாள். அவருக்குப் புரையேறிவிட்டது. கல்யாணம் உங்களுக்கா என்று கேட்டாளாம்.

பவுனு மணிக்கட்டை விட்டாள். உள்ளே போனாள். போனவள் போனவள்தான் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது கையில் ஒரு வெங்காயக் கூடையும் பலகையும் கத்தியும் இருந்தன. என் முன்னால் வைத்தாள்.

"நறுக்குங்க, பாக்கலாம்."

நறுக்கினேன். வண்டியில் நான் நறுக்குகிற வேகம் எங்கே போனதென்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வேறு. அது வெங்காயத்தினால் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள் என்று நம்புகிறேன். அவள் ஒரு துண்டை எடுத்து, வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. கிண்ணத்தோடு பிடிக்கிற அதே சண்டை.

"இவ்வளவு தடிமனாவா? மெட்ராஸ்காரங்களுக்கு வாயில பல்லா, அரைவை மிஷினா?"

அவள் அந்தத் துண்டை வாயில் போட்டு மென்றாள். கோபம் போனது.

"பழகிக்கலாம்," என்று சொல்லிக் கூடையை என் பக்கம் தள்ளினாள்.

எழுதி முடித்தது: ஐப்பசி மாதம், தீபாவளிக்கு முந்தைய திங்கட்கிழமை. யாங்கோன் (நம் ஆட்களுக்கு ரங்கூன்), கியாக்டடா. இன்று கடைக்கு விடுமுறை.